தாங்குவார்கள் என்று சொன்னது நான்தான்

1

நம் தெரு மாலை வகுப்பு தொடங்கிப் பத்து வருடம் ஆகிறது, அதற்கு ஓர் ஆண்டு மலர் போடுகிறோம், வெளிநாட்டில் இருக்கும் நம் தெருக்காரர்கள் பிள்ளைகளுக்காக ஆளுக்கு ஒன்று எழுத வேண்டும் என்று லீமா டீச்சர் கேட்டிருந்தார்கள். தலைப்பையும் கொடுத்திருந்தார்கள். ‘கடல் கடந்து முன்னேறியது எப்படி.’

நான் பத்தாவது வரை படித்தவன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் முன்னேற்றம்தான் இருந்தது, நான் இல்லை. இது நாலாவது. கோபத்தில் எழுதுகிறேன். டீச்சர் பிழையைத் திருத்தலாம், கோபத்தைத் திருத்த வேண்டாம்.

என்னை உங்களில் பல பேருக்குத் தெரியாது. மெர்சி அப்பா என்றால் தெரியும். ராயபுரத்தில் பிறந்தவன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். கல்யாணம் ஆனதும் திருவொற்றியூருக்கு வந்தோம். காட்டுப்பள்ளி கப்பல் தளத்தில் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்து, கிரேனில் இரும்புக் கயிறு மாட்டிப் பளு தூக்கும் வேலையைக் கற்றுக்கொண்டேன். அந்த வேலைதான் பன்னிரண்டு வருடத்துக்கு முன் என்னை வளைகுடா நாட்டில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் தளத்துக்குக் கொண்டுவந்தது. மனைவி ஸ்டெல்லா, மகள் மெர்சி, மகன் ஜெரோம் மூன்று பேரும் ஊரில். நான் கிளம்பும்போது ஜெரோமுக்கு இரண்டு வயது. இப்போது பதினாலு. போனில் அவனுக்கு என்னிடம் மூன்று வார்த்தைதான் உண்டு. ‘உம்’, ‘சரி’, ‘அம்மாகிட்ட குடுக்கவா.’

இங்கே விடியற்காலை நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும். எங்கள் முகாமில் சமையலுக்கு எட்டு அடுப்பு. எந்த அடுப்பு யாருடையது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் ஜன்னல் பக்கத்து அடுப்பு மலையாளிகளுடையது, அடுத்த இரண்டும் நம்முடையது, கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் புகை போக இடமில்லாத அடுப்பு நேபாளத்தார், பீகார்க்காரர்களுடையது. பன்னிரண்டு வருடத்தில் ஒருநாள்கூட இது எதனால் என்று நான் கேட்டதில்லை. பஸ்ஸிலும் அப்படித்தான். ஏ.சி. காற்று வரும் முன் இருக்கைகள் யாருக்கு என்று கால்களுக்கே தெரியும்.

ஐந்தரைக்குத் தளத்தில் ஆள் பிரிப்பு. எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். ஃபோர்மேன் கையில் ஒரு தாள் இருக்கும். பெயர் வாசித்து யார் எந்த வேலைக்கு என்று அனுப்புவார். போன வருடம் அந்தத் தாள் என் கைக்கு வந்தது. பழைய ஃபோர்மேன் வேலையை விட்டுப் போகும்போது கொடுத்தது. இடதுபக்கம் வேலை, வலதுபக்கம் ஆள். கிரேன், சாரம், வெல்டிங், கப்பல் அடித்தொட்டி கழுவுதல். ஆள் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் நாட்டின் பெயர் எழுதியிருந்தது. தொட்டிக்கு நேராக ‘நேபாளம்’.

அதை நான் மாற்றவில்லை. வேலை சுலபமாக இருந்தது.

2

ஃபோர்மேன் ஆனதில் எனக்கு ஒரே ஒரு ஆசைதான். அந்தப் பதவியிலும் அதற்கு மேலும் இருப்பவர்கள் குடும்பத்தைக் கூட்டிவரலாம். அதற்கான காகிதங்கள் சேர்க்க ஒரு வருடம் ஆனது. எங்கள் கல்யாணம் ராயபுரத்தில் மாதா கோவிலில் நடந்தது. கோவில் சான்றிதழ் போதாது, பதிவு அலுவலகச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். பதிவு அலுவலகத்தில் இருபது வருடம் கழித்து ஏன் வருகிறீர்கள் என்றார்கள். கிடைத்த சான்றிதழில் மூன்று முத்திரை வேண்டும், ஒரு முத்திரை இன்னொரு ஊரில் வேண்டும். ஸ்டெல்லா இரண்டு பஸ் மாறி மாறி அலைந்தாள். கடைசியில் எல்லாம் சேர்ந்து, என் மேனேஜர் மேசைக்குக் கோப்பு வந்துவிட்டது. அவள் தட்டுமுட்டுச் சாமான்களில் எதை யாருக்குக் கொடுப்பது என்று பிரிக்க ஆரம்பித்திருந்தாள்.

மெர்சி மட்டும் வரமாட்டேன் என்றாள். கல்லூரியில் சமூகவியல் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவள் அந்தப் படிப்பில் சேர்ந்தபோது நான் ஒரு மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லை. காமர்ஸ் எடு என்றேன். என் அக்கா வீட்டுக்காரர், “அது இன்னா படிப்பு? ஊர்ல உலகத்துல நடக்கிறத வேடிக்க பாக்க காலேஜுக்குப் போவணுமா, நம்ம தெரு முனையில குந்துனா போறாதா?” என்று சிரித்தார். போனில் கேட்டு நானும் சிரித்தேன்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “மாமா, நம்ம தெருவுல எத்தினி வூட்ல பாஸ்போர்ட் கீது?” என்று கேட்டாளாம். எண்ணிப் பார்த்தார்கள். பதினொன்று. பதினொரு பேரும் ஒரே நாட்டுக்கு, அதிலும் ஏழு பேர் ஒரே தளத்துக்கு. என்னை ஒரு மச்சான் அழைத்தார், நான் இரண்டு பேரை அழைத்தேன், அவர்கள் ஆளுக்கு ஒருவரை. நான் என் அதிர்ஷ்டத்தால் வந்தேன் என்றுதான் இத்தனை நாள் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். மெர்சி ஒரு தாளில் கோடு போட்டு படம் அனுப்பினாள். பார்த்தால் அதிர்ஷ்டம் மாதிரி இல்லை, தண்ணீர்க் குழாய் மாதிரி இருந்தது. குழாய் எங்கே போட்டிருக்கிறதோ அங்கே தண்ணீர் போகிறது. அடுத்த தெருவில் ஒருவர்கூட வெளிநாடு போகவில்லை. அவர்கள் எங்களைவிடச் சோம்பேறிகள் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு அழைக்க ஒரு மச்சான் இல்லை, அவ்வளவுதான்.

பிள்ளைகளே, அந்தப் படிப்பு என்ன என்று எனக்கு அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது. ஒருவன் முன்னேறினால் அவன் திறமை, ஒருவன் கெட்டால் அவன் தலையெழுத்து என்று நாம் பேசி முடித்துவிடுகிறோம். அவர்கள் அங்கே முடிப்பதில்லை. குழாய் எங்கே போகிறது, யார் போட்டது என்று தோண்டிப் பார்க்கிறார்கள்.

3

இங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. ஒரு வெள்ளிக்கிழமை காலை மெர்சி போன் செய்தாள். வகுப்பில் வேலை செய்பவர் ஒருவரைப் பேட்டி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், என்னை எடுக்கப்போகிறாள். எனக்குப் பெருமை. சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

“உங்க தளத்துல எந்த வேல யாருக்குன்னு யாரு முடிவு பண்றது?”

“நான்தான்.”

“எத வெச்சு?”

“பழக்கத்த வெச்சு. கிரேன் நம்மாளு நல்லா பாப்பான். தொட்டி வேல நேபாள்காரனுக்கு.”

“தொட்டி உள்ள எப்டி இருக்கும் நைனா?”

“அடுப்பு மாதிரி இருக்கும். எண்ணெய்ச் சேறு. குனிஞ்சிகினேதான் வேல. அவுங்க தாங்குவாங்க.”

“ஏன் தாங்குவாங்க?”

“அவுங்க ஒடம்பு அப்டிமா. மலையில சாமான் தூக்கி வளந்தவங்க.”

அதையும் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

“நைனா, நாலு வருசம் முன்னால நீ லீவுல வந்தப்ப எண்ணூர் கல்யாண மண்டபத்துல மீட்டிங் நடந்துதே. ஞாபகம் கீதா?”

ஞாபகம் இல்லாமலா. எங்கள் பக்கத்தில் இன்னொரு ஆலை வரலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம். எங்கள் வீட்டில் துணி காயப்போட்டால் கரி படியும். ஜெரோமுக்குக் குளிர்காலம் முழுக்க இழுப்பு. அதைத்தான் பேச வரிசையில் நின்றேன். மேடையில் இருந்த ஓர் அதிகாரி மைக் மூடியிருக்கிறது என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். “இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இதெல்லாம் பழக்கம் சார். தாங்கிப்பாங்க.” மைக் திறந்திருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. நான் முன்னால் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி எறிந்தேன். போலீஸ்காரர் இருவர் என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்கள். மெர்சி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த ஆளு சொன்னதத்தான் நீ இப்ப சொன்னே,” என்றாள்.

“அவன் இன்னா, நான் இன்னா. அவன் ஆபீஸர். நான் கூடவே நின்னு வேல பாக்கிறவன்.”

“தொட்டி உள்ள நிக்கிறியா?”

“இதுக்குத்தான் உன்ன படிக்க வெச்சனா? அப்பன நிக்க வெச்சு கேள்வி கேக்கவா?” என்று கத்திவிட்டு போனை அணைத்தேன். என் அறையில் இருந்த மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். அன்று முழுக்க எனக்கு அவள்மேல்தான் ஆத்திரம்.

4

பிஷ்ணு என்பவர் அதற்கு மறுநாள்தான் நேபாளத்திலிருந்து வந்து சேர்ந்தார். நாற்பத்தொரு வயது. ஊரில் உருளைக்கிழங்கு போட்டவர், மழை கெடுத்ததால் வந்தவர். இரண்டு பெண் பிள்ளைகள். வீட்டுக் கூரையில் பனி உறைந்து கிடக்கும் படத்தை எல்லாருக்கும் காட்டுவார். யோசித்துப் பாருங்கள், பனியில் வளர்ந்த மனிதர் அடுப்பைத் தாங்குவார் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மண்டையில் அது உறைக்கவே இல்லை.

புதிதாக வருபவர்களுக்கு முதல் வாரம் வெயிலில் பாதி நேரம்தான் வேலை தர வேண்டும், உடம்பு பழகவேண்டும். இது எனக்குத் தெரியும். பாதுகாப்பு வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள். பார்த்துவிட்டுக் கையெழுத்தும் போட்டேன். கிரேன் வேலைக்கு நம்மூர்ப் பையன் ஒருவன் வந்தபோது நானே அவனை ஒரு வாரம் நிழலில் கயிறு சுற்ற வைத்தேன்.

பிஷ்ணு வந்த நாலாவது நாள் தொட்டிக்கு ஓர் ஆள் குறைந்தது. தாளைப் பார்த்தேன். தொட்டிக்கு நேராக நேபாளம். “பிஷ்ணு, டேங்க்,” என்று வாசித்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பத்தரை மணிக்கு அவரைத் தொட்டிக்குள்ளிருந்து தூக்கினார்கள். அவர் உடம்பில் வியர்வையே இல்லை. தொட்டால் சுட்டது. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. அவர் மொழியில் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அது அவர் சின்னப் பெண்ணின் பெயர் என்று பின்னால் தெரிந்தது. மீன் வண்டியில் கொட்டுவதுபோல் ஐஸைக் கொண்டுவந்து அவர்மேல் கொட்டினோம்.

உயிர் இருக்கிறது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன.

அன்று சாயங்காலம் மெர்சிக்கு நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். “நீ சொன்னது சரிதான்மா, எல்லாம் ஏற்கெனவே பண்ணி வெச்ச ஏற்பாடு. என் கையில ஒண்ணும் இல்ல,” என்றேன். ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

“அந்த ஏற்பாட்ட நீ பண்ணல நைனா,” என்றாள். “ஆனா இன்னிக்குக் காலைல அத நடத்துனது நீதான்.”

5

அடுத்த புதன்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். அவரும் சென்னைக்காரர்தான், கூவத்துக்குத் தெற்கே. நான் வடசென்னை என்று தெரிந்த நாளிலிருந்து என்னைப் பார்த்ததும் படத்தில் வரும் ரவுடி மாதிரிப் பேசிக் காட்டுவார். அன்று பேசிக் காட்டவில்லை. உட்காரச் சொன்னார்.

“அந்தோணி, உங்க மேல தப்பு வராம பார்த்து எழுதியிருக்கோம். ஞாயிற்றுக்கிழமை காலையில கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

இங்கிலீஷில் ஒரு பக்கம். எனக்கு முழுதும் புரியவில்லை. மெர்சிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். தண்ணீர் கொடுக்கப்பட்டது, ஓய்வு கொடுக்கப்பட்டது, தொழிலாளி அறிவுரையை மதிக்காமல் வேலை செய்தார் என்று எழுதியிருப்பதாகச் சொன்னாள். நான் கையெழுத்துப் போட்டால் குற்றம் பிஷ்ணுவின்மேல். இங்கே வைத்தியம் நிற்கும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், நஷ்டஈடு கிடையாது.

வியாழக்கிழமை மேனேஜரிடம், “சார், அவரு ஓய்வு எடுக்கல, நான் குடுக்கல,” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. மேசையில் இருந்த நீலக் கோப்பைத் தட்டினார். எங்கள் கல்யாணச் சான்றிதழ் உள்ள கோப்பு. “ஃபோர்மேனா இருந்தாதான் இது நகரும். உங்க மிஸஸ் பாவம், எவ்வளவு அலைஞ்சிருக்காங்க.”

வெள்ளிக்கிழமை காலை ஸ்டெல்லாவிடம் சொன்னேன். பின்னால் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. போய் அணைத்துவிட்டு வந்தாள்.

“போட்டா இன்னா ஆவும்?”

“அவர ஊருக்கு அனுப்பிடுவாங்க. அவர் மேலதான் தப்புன்னு ஆயிடும்.”

“போடலன்னா?”

“ஃபோர்மேன் வேல போவும். விசா பேப்பர் நின்னுடும்.”

பிறகு மெதுவாகத்தான் ஆரம்பித்தாள்.

“எங்கம்மாவ காசிமேட்டு கல்லறையில எறக்குனப்ப நீ போன்ல பாத்துகினு இருந்தே. ஜெரோமுக்கு மூச்சு நின்னப்ப நான் ஒண்டியா ஆட்டோவுல தூக்கினு போனேன். நான் ஒரு வார்த்த கேட்டனா? இப்ப பெட்டி கட்டி வெச்சுகினு குந்திகினு கீறேன், இப்ப வந்து உனுக்கு ஞாயம் தெரியுதா?”

“அந்தாளு கிட்னி ரெண்டும் போச்சு ஸ்டெல்லா. நான்தான் அனுப்புனேன்.”

“எவனுக்கோ நல்லவனா இருக்கணும் உனுக்கு. எனுக்கு எப்ப நல்லவனா இருப்பே?”

அவள் கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. என் ஆத்திரம் அங்கேதான் இருக்கிறது, பிள்ளைகளே. தப்பு செய்தது நான், கணக்குத் தீரவேண்டியது எனக்கும் பிஷ்ணுவுக்கும் நடுவே. ஆனால் அந்த இங்கிலீஷ் பக்கத்தை அடித்துக் கொடுத்தவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. என் கையெழுத்துக்கு அவன் வைத்த விலை என் பெண்டாட்டி. ஏழையின் ஒழுக்கத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் இன்னொரு ஏழையின் கழுத்தைத்தான் முன்னால் கொண்டுவந்து வைக்கிறார்கள். எங்கள் மூன்று பேரையும் மோதவிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் அவர்கள் டீ குடிக்கிறார்கள்.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்து, தமிழில் இரண்டு பக்கம் எழுதினேன். முதல் வாரம் பாதி நேரம் என்ற விதி எனக்குத் தெரியும், நம்மூர் ஆளுக்கு அதைச் செய்தேன், இவருக்குச் செய்யவில்லை, தாளில் நாட்டின் பெயரைப் பார்த்து அனுப்பினேன், ஓய்வு கொடுக்கவில்லை என்று எழுதினேன். ஆள் பிரிக்கும் தாளின் நகலையும் வைத்தேன். இங்கிலீஷில் மாற்ற மெர்சிக்கு அனுப்பினேன்.

அரை மணியில் கூப்பிட்டாள்.

“நைனா, ‘நான் அனுப்பினேன்’னு நாலு எடத்துல எழுதிகீறே. ‘அனுப்பப்பட்டார்’னு மாத்திக் குடுக்கட்டா? உன் மேல கேஸு வரலாம்.”

“மாத்தாத.”

“அம்மா பக்கத்துலதான் கீறாங்க.”

“குடு.”

“பேசமாட்டாங்களாம்.”

ஞாயிற்றுக்கிழமை காலை அதைக் கொடுத்தேன். ஒரு பிரதி தொழிலாளர் அலுவலகத்துக்கும், ஒரு பிரதி நேபாளத் தூதரகத்துக்கும். மேனேஜர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு நீலக் கோப்பை எடுத்து மேசையின் கீழ் இழுப்பறைக்குள் வைத்தார்.

6

இப்போது நான் ஃபோர்மேன் இல்லை. பழையபடி கயிறு மாட்டுகிறேன். பிஷ்ணு இங்கேதான் இருக்கிறார், வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். வழக்கு நடக்கிறது, என்ன ஆகும் என்று தெரியாது. என் கடிதம் அந்தக் கோப்பில் இருக்கிறது.

அவரைப் பார்க்கப் போனேன். எனக்குத் தெரிந்த ஹிந்தியில், உங்களை அனுப்பியது நான்தான் என்றேன். மன்னிப்பார் என்று கொஞ்சம் நினைத்துத்தான் போனேன், பொய் சொல்லமாட்டேன். அவர், “தெரியும். நீங்கள்தானே பெயர் வாசித்தீர்கள்,” என்றார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கொண்டுபோன ஆப்பிளை வைத்துவிட்டு வந்தேன்.

மாலை வகுப்பில் படிக்கும் பிள்ளைகளே, டீச்சர் கேட்ட தலைப்புக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான். உங்களில் பாதிப் பேர் எங்கோ போவீர்கள், குழாய் அப்படித்தான் போட்டிருக்கிறது. போகிற இடத்தில் உங்களை ஒரு கட்டத்துக்குள் எழுதுவார்கள். அதைவிட ஆபத்து, ஒருநாள் உங்கள் கையிலும் ஒரு தாளைக் கொடுப்பார்கள். அன்று உங்களுக்கு முன்னேறிய மாதிரி இருக்கும். தாளை வாங்கினால் முதலில் படியுங்கள். யார் எழுதியது, யாரை எங்கே நிறுத்தியிருக்கிறது, ஏன் என்று கேளுங்கள். என் மகள் கேட்டாள், நான் போனை அணைத்தேன். அணைத்த பிறகும் பிஷ்ணுவின் பெயரை வாசிக்க எனக்குச் சில நாள் இருந்தது. அந்த நாட்களை நான் அவள்மேல் கோபப்பட்டுத் தீர்த்தேன்.

ஸ்டெல்லா மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. ஜெரோம்தான் போனை எடுப்பான். போன வெள்ளிக்கிழமை அவளே கூப்பிட்டாள்.

“பெட்டியெல்லாம் பிரிச்சுட்டேன்,” என்றாள். “மிக்ஸிய பக்கத்து வூட்டுக்குக் குடுத்திருந்தேன், போய் திருப்பி வாங்கினேன். மானமே போச்சு.”

“ஸ்டெல்லா…”

“நீ பேசாத. எனுக்குக் கோவம் போவல, போவவும் போவாது. அந்தாளு பொண்டாட்டி நம்பர் கீதா உன்கிட்ட?”

“கீது. எதுக்கு?”

“அவளுக்கு யாராவது வெவரம் சொன்னாங்களா?”

“ஆஸ்பத்திரியில கீறார்னு மட்டும் சொல்லிகீறாங்க.”

“அதான். பேப்பர் இன்னா இன்னா வேணும், எங்க முத்திர குத்தணும், எந்த ஆபீஸ்ல எவன் அலைய விடுவான், ஒரு வருசமா அதத்தான பண்ணேன். மெர்சிக்கு ஹிந்தி கொஞ்சம் வரும். அத வெச்சுப் பேசிக்கிறேன். நம்பர சொல்லு.”

சொன்னேன். ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள். சரியா என்று கேட்டாள். சரி என்றேன். போனை வைத்துவிட்டாள்.